முப்பத்தொன்றாம் குழாய்

சனெத்தி மேட்டில் உறைபனி இளகுமுன்
எச்சம் பொறுக்கக் கிளம்பிவிட வேண்டும்.
வெயில் ஏறிவிட்டால்
அதில் ஒட்டியிருக்கும் மரபிழை சிதைந்துவிடுமாம்;
அடிஸ் அபாபா ஆய்வகத்திலிருந்து
திர்ஹாஸ் சொல்லியனுப்பியிருந்தாள்.
கடிவாளம் பூட்டும் விரல்கள்
இன்னும் என்னுடையவை ஆகவில்லை.

எங்கள் ஒரோமோ மொழியில்
அதற்குப் பெயர் குதிரையின் நரி.
ஈனப்போகும் குதிரைக்குப் பின்னாலேயே நடந்து
நஞ்சு விழக் காத்திருக்கும் என்பார்கள்.
ஆவணங்களில் அது ஓநாய்.
என் வீட்டில் அது
பதினோரு வருஷத்து மாவும் சர்க்கரையும்.

ஒரு குச்சி. ஒரு குழாய்.
சாராய நெடி அடிக்கும் திரவம்.
மூடியை இறுக்கித் தேதி எழுத வேண்டும், இடம் எழுத வேண்டும்.
கடைசிக் கட்டத்தின் தலைப்பு:
"யாருடையது (ஊகம்)".
கிழிகாதன் என்று எழுதுவேன்.
நொண்டியின் மகள் என்று எழுதுவேன்.
பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.
"தொழக் குனிவதைவிட
இதற்குக் குனிவதுதான் அதிகம்" என்பாள் ஸெய்துனா.

வெப் ஆற்று வளைவில் அந்த ஆண்டு நாலு குட்டிகள்.
மூன்று, செம்மண்ணில் உருட்டி எடுத்த மாதிரி.
நாலாவதன் நிறத்தில் மட்டும்
யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.
முகவாயும் கொஞ்சம் குட்டை.
மேகமாக இருந்ததால் அப்படித் தெரிகிறது
என்று குறிப்பில் எழுதினேன்.
மேகம் இருந்தது, பொய்யில்லை.

நாலு மாதம் கழித்துத் தாள் வந்தது.
மலைத்தொடர் மாதிரி கோடுகள், கீழே எண்கள்.
முப்பத்தொன்றாம் குழாய்:
தாய் மேட்டுக்காரி,
தகப்பன் நாய்.

எந்த நாய் என்று கேட்டாள் திர்ஹாஸ்.
முடி வேண்டும், வேரோடு.
பதினேழு வீட்டு வாசலில் நின்றேன்.
எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள்.
போன வருஷம் இதே வாசல்களில்தான் நின்று
நாய்க்கு வெறிநோய் ஊசி போடுங்கள்,
விதையெடுத்து விடுங்கள்,
மேட்டுப் பக்கம் அலையவிடாதீர்கள் என்று
தொண்டை வறளப் பேசியிருந்தேன்.
ஊசி என் நாய்க்கும் போட்டேன்.
மற்றதை
மழை விடட்டும், அறுவடை முடியட்டும் என்று
தள்ளித் தள்ளி...
ஊருக்குத்தானே உபதேசம்.

பதினெட்டாவது உறையை என் வாசலில் திறந்தேன்.
முடியைப் பிடுங்கியபோது
குர்ரா என் மணிக்கட்டை நக்கியது.
கழுதைப்புலி வந்த இரவில்
கன்றுக்குக் குறுக்கே நின்று
காதில் பாதியைக் கொடுத்த நாய்.
உறையைத் தொலைத்துவிடலாம் என்று
பஸ் நிறுத்தம் வரைக்கும் நினைத்துக்கொண்டே போனேன்.
டிரைவர் வாங்கிக்கொண்டான்.

பதில் வர எட்டு நாள்.
திர்ஹாஸ் குரலை இறக்கித்தான் சொன்னாள்,
"அப்துரோ, உறைமேல் உங்கள் பெயரே இருக்கிறது."
அதை எழுதியதே நான்தான் என்றேன்.

செவ்வாயன்று பள்ளிக்கூட மேசைமேல்
குர்ராவின் வேலை முடிந்தது.
பதினேழு வீட்டாரும் பார்க்க வந்திருந்தார்கள்.
யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

இன்று வியாழன். குட்டியின் முறை.
கொல்ல மாட்டார்கள்.
ரப்பர் பல் பொறி, மயக்கமருந்து, சின்ன வெட்டு,
பிறகு விட்டுவிடுவார்கள்.
இருப்பதே சில நூறு;
ரத்தம் கலந்துகொண்டே போனால்
கரைந்து போகும் இந்த இனம்.
இதை நானே ஊர்க்கூட்டத்தில் விளக்கியிருக்கிறேன்,
பாலையும் தண்ணீரையும் காட்டி.

லொபேலியா மரத்தடியில் படுத்துப் பார்க்கிறேன்.
அது வேட்டையில் இருக்கிறது.
மேயும் மாடுகளை மறைவாக்கி
வயிறு புல்லில் உரச நகர்கிறது,
அம்மாவிடம் கற்ற நடை.
நின்று
காதைத் தரைக்குச் சாய்க்கிறது.
ஒரு தாவல்.
வாயில் வளையெலி துடிக்கிறது.
எந்தப் பாதி தாவியது என்று
எலிக்குக் கவலையில்லை.

வாக்கிடாக்கி கரகரக்கிறது:
"எங்கே இருக்கிறது? தெரிகிறதா?"

தெரிகிறது.
ஆற்றுக்கு வடக்கே, இரட்டைப் பாறைக்குக் கீழே,
மாடுகளுக்கு நடுவில்.
காற்று உங்கள் பக்கமிருந்து அடிக்கிறது,
சுற்றி வாருங்கள்.

அவர்கள் வருவதற்குள்
அது தின்று முடித்துவிடும்.
மெதுவாக வாருங்கள் என்று
இன்னொரு முறை பொத்தானை அழுத்திச் சொல்கிறேன்.